ஸ்லோ குக்கர் மீட்பால்: சாஸ் கெட்டியாகவே மாட்டேன் என்கிறது

இனிப்பும் புளிப்புமாக மீட்பால் (கொத்துக்கறி உருண்டை) செய்ய 3 வாரத்தில் 4 முறை முயன்றுவிட்டேன். ஒவ்வொரு முறையும் சாஸ் தண்ணியாக ஓடுகிறது, உருண்டையில் ஒட்டவே இல்லை.

மெல்லிய சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கும் மின்சாரக் குக்கர் இது: 4 லிட்டர், பீங்கான் பாத்திரம், கண்ணாடி மூடி. கொத்துக்கறி 1 கிலோ, முட்டை 1, ரொட்டித்தூள் 1 கப். சாஸுக்குத் தக்காளி கெட்சப் 1 கப், பழுப்புச் சர்க்கரை அரை கப், வினிகர் கால் கப், அன்னாசிச் சாறு 1 கப். லோவில் (குறைந்த சூட்டில்) 6 மணி நேரம். பச்சை அன்னாசியில் இருக்கும் புரோமலைன் என்ற நொதி கறியைக் குழைத்துவிடும் என்பதால் டப்பாச் சாறுதான் ஊற்றுகிறேன்.

முதல் முறை உருண்டைகளைப் பச்சையாகவே போட்டேன். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தது. அடுத்த முறை ஓவனில் 200 டிகிரியில் 15 நிமிடம் சிவக்கவிட்டுப் போட்டேன். எண்ணெய் குறைந்தது, தண்ணீர் குறையவில்லை. மூன்றாவது தடவை சோளமாவைத் தொடக்கத்திலேயே கலந்தேன். 2 மணி நேரம் கழித்துக் கரண்டியின் முதுகில் விரலால் கோடு கிழித்தால் கோடு அப்படியே நின்றது. அவ்வளவு சந்தோஷம்! 6 மணி நேரம் முடிந்து பார்த்தால் பழையபடி தண்ணீர். புளிப்பும் நீண்ட நேரச் சூடும் மாவின் பிடிப்பைக் குலைத்துவிடும் என்று அப்புறம்தான் தெரிந்தது. நேற்று மூடியைத் திறந்து வைத்தேன், சூடுதான் இறங்கியது.

சுவை அருமையாக வருகிறது, அதனால் விட மனமில்லை.

அன்னாசிச் சாற்றை அடுப்பில் பாதியாகச் சுண்டவைத்து ஊற்றுவதா, கடைசி அரை மணி நேரம் ஹையில் வைத்துச் சோளமாவுக் கரைசல் சேர்ப்பதா, இந்த அளவுக்கு எது சரிப்படும்?