மாசி காயும் தீவு

குழு: பெரிய வீடு, தூத்துக்குடி

அம்மா (காலை 7:05): பாப்பா, எழுந்துவிட்டாயா? ராத்திரி கதவைத் தாழ் போட்டுத்தானே படுத்தாய்? மாலத்தீவில் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

நான்: போட்டேன் அம்மா. சாப்பாடு ரொம்ப ஒத்துக்கொண்டது. காலையில் இங்கே எல்லார் வீட்டிலும் மஸ் ஹுனிதான். வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, எலுமிச்சைச் சாறு நாலையும் முதலில் கையால் நன்றாகப் பிசைகிறார்கள். பிறகு உதிர்த்த சூரை மீன், கடைசியில் துருவிய தேங்காய். தொட்டுக்கொள்ளச் சூடான ரொட்டி, கூடக் கட்டன் டீ. அவ்வளவுதான், ஆனால் அருமை.

மதினி: சூரையைப் பச்சையாகவா போடுகிறார்கள்?

நான்: இல்லை மதினி. அவித்துப் புகை போட்ட மீன். அதையே இன்னும் காயவைத்துக் கட்டையாக்கினால் நம் மாசி.

பெரியப்பா: எந்தத் தீவில் இருக்கிறாய்?

நான்: மஹிபதூ, பெரியப்பா. ஆரி அட்டோலின் (வளையமான பவளத் தீவுக் கூட்டத்தின்) தெற்குப் பக்கம். தலைநகர் மாலேயிலிருந்து படகில் வந்தேன்.

பெரியப்பா: அந்தப் பக்கமெல்லாம் நான் போனதில்லை. தோணியில் வெங்காயமும் செங்கல்லும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு மாலே போவோம். சரக்கு இறங்கும் வரை துறைமுகத்தோடு சரி. அந்த மக்கள் வீட்டில் எப்படி இருக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்க்க வாய்த்ததே இல்லை. பார்ப்பதை எல்லாம் எழுது.

நான்: எழுதுகிறேன் பெரியப்பா. அதற்காகத்தான் வந்தேன்.

தம்பி: அக்கா, தண்ணீர் மேல் கட்டியிருக்கும் குடில் படம் ஒன்று அனுப்பு.

நான்: அது விடுதித் தீவுகளில். ஒரு தீவு முழுக்க ஒரே விடுதிதான், ஊர்மக்கள் அங்கே குடியிருப்பதில்லை. மாலத்தீவு என்றாலே எல்லாரும் அந்தப் படத்தைத்தான் அனுப்புகிறார்கள், எனக்கு அது வருத்தமாகவே இருக்கும். தீவுகள் சுமார் 1,200. அதில் மக்கள் வாழ்வது 200-க்கும் குறைவு. அந்த ஊர்களில் வெளியாட்கள் தங்கச் சிறு விருந்தினர் இல்லங்கள் பரவியது 2010 வாக்கில்தான். என்னைப் போல ஒருத்தி இப்படி ஊருக்குள் தங்க முடிவது அதனால்தான்.

(படம்: மணல் தெரு, இரு பக்கமும் சுவர், ஓர் ஈர்க்குமாறு)

சித்தி: நம் ஊர் ஈர்க்குமாறு போலவே இருக்கிறதே!

நான்: அதேதான் சித்தி. விடிந்ததும் பெண்கள் அவரவர் வாசலைத் தாண்டித் தெருவையும் சேர்த்துப் பெருக்குகிறார்கள். ஏழு மணிக்குத் தெரு முழுக்கக் கோடு கோடாக ஈர்க்குமாற்றுத் தடம், அதன் மேல் நடக்கவே எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு எண் சொல்வதில்லை, பெயர்தான் விலாசம். பூவின் பெயர், நட்சத்திரத்தின் பெயர் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். 1343-ல் இங்கே வந்து நீதிபதியாக இருந்த மொராக்கோ பயணி இப்னு பதூதா, கால் கழுவ வாசலில் தண்ணீர் வைத்திருப்பார்கள் என்று எழுதியிருக்கிறார். அந்தச் சுத்தம் இன்னும் இருக்கிறது.

சித்தி: தனியாக ஒரு பெண் நடந்தால் யாரும் ஏதும் சொல்வதில்லையா?

நான்: எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை சித்தி. சுடிதார், துப்பட்டாதான் போடுகிறேன். முழுக்க முஸ்லிம் ஊர், தோளும் முழங்காலும் மூடியிருந்தால் நமக்கும் சங்கடமில்லை, அவர்களுக்கும் சங்கடமில்லை. நீச்சல் உடையில் குளிக்க வெளிநாட்டவருக்கென்று தனியாக ஒரு கடற்கரை ஒதுக்கியிருக்கிறார்கள். ஊர்த் தீவுகளில் மதுவுக்கு அனுமதி இல்லை. ராத்திரி பத்து மணிக்கும் பெண்கள் குழந்தைகளோடு கடற்கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

(படம்: இரும்புக் குழாய்ச் சட்டத்தில் கயிற்று வலை பின்னிய இருக்கைகள்)

நான்: இதற்குப் பெயர் ஜோலி. வீட்டு வாசல், மரத்தடி, துறை எங்கு பார்த்தாலும் வரிசையாக இருக்கும். வலை என்பதால் காற்று முதுகுக்கும் வரும். அசர் என்னும் பிற்பகல் தொழுகை முடிந்ததும் ஊரே இதில் சாய்ந்துகொள்கிறது. புதிதாக வந்த நானும் போய் உட்கார்ந்தால் ஒருவர் டீ வாங்கி வருகிறார், இன்னொருவர் பாக்கு நீட்டுகிறார்.

பெரியப்பா: மீன் பிடிப்பதைப் பார்த்தாயா? அதைச் சொல்லு.

நான்: பார்த்தேன் பெரியப்பா, நான் தங்கியிருக்கும் இல்லத்துக்காரரின் மாமா படகில் கூட்டிப்போனார். விடியும் முன்பே கிளம்பிப் பவளப்பாறை ஓரம் சின்ன இரை மீன்களைப் பிடிக்கிறார்கள். படகுக்குள்ளேயே தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, அதில் அவற்றை உயிரோடு வைத்துக்கொள்கிறார்கள். அப்புறம் பறவைகள் வட்டமிடும் இடம் தேடி ஓட்டம். சூரைக் கூட்டம் கண்ணில் பட்டதும் ஒருவர் இரை மீனை அள்ளி அள்ளி வீசுகிறார். படகின் பின்பக்கமிருந்து குழாய்கள் கடல் மேல் மழை போலத் தண்ணீர் தெளிக்கின்றன. மேலே இரை துள்ளுகிறது என்று நம்பிச் சூரை வெறிகொண்டு வருகிறது. பின்தளத்தில் வரிசையாக நிற்பவர்கள் நீளக் கம்பில் கட்டிய தூண்டிலைப் போடுகிறார்கள், தூக்குகிறார்கள். தூண்டில் முள்ளில் மீன் கழலாமல் பிடிக்கும் எதிர்முனை கிடையாது. கம்பை மேலே வீசியதும் மீன் தானே கழன்று பின்னால் தளத்தில் விழும். அதே வீச்சில் தூண்டில் மறுபடி தண்ணீரில்! கையால் யாரும் கழற்றுவதில்லை.

பெரியப்பா: வலை?

நான்: சூரைக்கு வலையே போடுவதில்லை. ஒரு கம்புக்கு ஒரு மீன். தேவையில்லாத ஆமையும் சுறாவும் அநேகமாகச் சிக்குவதில்லை. பல நூறு வருஷமாக இதே முறை. 2012-ல் இந்த வரிச் சூரைக்கு உலக அளவில் நீடித்த மீன்பிடிக்கான சான்று கிடைத்தது. அதைச் சொல்லும்போது அந்த மாமாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

மதினி: மாசி போடுவது?

நான்: அது பெண்கள் கைவேலை மதினி. பக்கத்து வீட்டம்மாவுடன் ஒரு பகல் முழுக்க இருந்தேன். மீனைச் சுத்தம் செய்து, நீளவாக்கில் துண்டு போட்டு, உப்புத் தண்ணீரில் அவிக்கிறார்கள். மேலே வரும் நுரையை விடாமல் அள்ளிக்கொண்டே இருந்தார். அந்தத் தெளிந்த சாறுதான் கருதியா. சோற்றில் ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, மிளகாய் கடித்துச் சாப்பிடுவார்கள். மீதிச் சாற்றைக் குழம்பாகும் வரை வற்றவிட்டால் பழுப்பு நிறத்தில் ரிஹாகுரு, வருஷக்கணக்கில் கெடாது. அவித்த துண்டுகளை அடுப்புக்கு மேல் பரண் கட்டிப் புகை போட்டு, பிறகு வெயிலில் கட்டையாகும் வரை காயவைக்கிறார்கள். ஒரு மீனில் வீணாவது மிகக் குறைவு. நம் ஆச்சி சம்பலுக்கு இடித்த மாசிக்குப் பின்னால் இவ்வளவு வேலை இருக்கிறது என்று சின்ன வயசில் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அம்மா: எனக்கே தெரியாது. மீன் இருக்கட்டும், அரிசி எங்கே விளைகிறது?

நான்: விளைவதே இல்லை அம்மா, மண் எல்லாம் பவள மணல். அரிசி, மாவு, சர்க்கரை, வெங்காயம், முட்டை எல்லாம் கப்பலில் வருகிறது. நம் நாட்டோடு 1981-ல் போட்ட ஒப்பந்தப்படி நிறையப் பொருள் இந்தியாவிலிருந்துதான். கடையில் வெங்காய மூட்டையைப் பார்த்ததும் பெரியப்பா நினைவுதான் வந்தது.

பெரியப்பா: எத்தனை மூட்டை ஏற்றியிருப்போம்! 👍

தம்பி: குடிக்கத் தண்ணீர்? ஆறு கிடையாதே.

நான்: ஆறும் இல்லை, ஓடையும் இல்லை. வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டி. கிணறு உண்டு, ஆனால் அது புழங்க மட்டும். 2004 சுனாமியில் பல தீவுகளில் நிலத்தடி நீர் உப்பாகிவிட்டது, அதற்குப் பிறகு கடல்நீரைச் சுத்திகரிக்கும் ஆலைகள் அதிகமாயின. 2014 டிசம்பரில் மாலேயில் அந்த ஆலையில் தீப்பிடித்து நகரமே தண்ணீரில்லாமல் தவித்தது. இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. இங்கே டீக்கடையில் வயதானவர் ஒருவர், நான் இந்தியா என்றதும் முதலில் சொன்னது அதைத்தான்.

சித்தி: கேட்கவே நன்றாக இருக்கிறது. எப்போது திரும்புகிறாய்?

நான்: நாளை வெள்ளிக்கிழமை, இங்கே வார விடுமுறை. மதியத் தொழுகை வரை கடை எதுவும் திறக்காது, தெருவும் அமைதியாக இருக்கும். சனிக்கிழமை மாலே. அங்கே 1658-ல் கட்டிய ஹுகுரு மிஸ்கி பள்ளிவாசலைப் பார்க்க வேண்டும். பவளக் கல்லைச் செதுக்கி, சாந்து இல்லாமல் ஒன்றோடொன்று பூட்டிக் கட்டியது. சுற்றியுள்ள கல்லறைகளில் ஆண்களுக்குக் கூர் முனைக் கல், பெண்களுக்கு வளைந்த தலைக் கல்.

அம்மா: வரும்போது மாசி வாங்கி வா. அந்தம்மாவிடமே வாங்கு.

நான்: அவரிடம்தான் சொல்லி வைத்திருக்கிறேன் அம்மா. கொழும்பு வியாபாரிக்குப் போக மீதியில் தருகிறேன் என்றார்.

பெரியப்பா: பார்த்து வாங்கு. இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் கட்டை போலச் சத்தம் வர வேண்டும். உடைத்தால் உள்ளே கருஞ்சிவப்பாகப் பளபளக்க வேண்டும். மாவு மாவாக உதிர்ந்தால் வேண்டாம்.

நான்: சரி பெரியப்பா, தட்டிப் பார்த்தே வாங்குகிறேன். ரிஹாகுருவும் ஒரு பாட்டில் கொண்டுவரவா?

பெரியப்பா: எனக்குத் தனியாக ஒன்று.