மார்க் போட்டு கழட்டுனா அலைன்மென்ட் வேணாமாம்! (ஸ்விஃப்ட் முன் ஷாக், வீட்டுல மாத்துறது)

ஆறாம்கியர்:
வாசல்கராஜ் போட்ட பதிவ படிச்சதுல இருந்து எரிச்சலா வருது. ஸ்விஃப்ட் காருக்கு முன் வீல் ரெண்டு ஷாக்கும் (ஸ்பிரிங்கோட சேர்ந்த ஷாக் அப்சார்பர், அதான் ஸ்ட்ரட்டு) வீட்டு வாசல்லயே மாத்திட்டாராம், நல்லது, கை தட்டுறேன். ஆனா கடைசியில ஒண்ணு எழுதியிருக்காரு பாருங்க, "நக்கிள் (வீல புடிச்சிருக்கற இரும்பு) போல்ட்டு கிட்ட மார்க்கர்ல கோடு போட்டுட்டு கழட்டுங்க, அதே கோட்டுல திருப்பி மாட்டுங்க, அலைன்மென்ட் (வீலோட கோணத்த அளந்து சரிபண்றது) தேவையே இல்ல, அது டயர் கடைக்காரன் காசு பாக்குற வேலை"ன்னு. அதுக்கு கீழ நாலு பேரு "சூப்பர் தல"ன்னு வேற. எனக்கு ஒரே கேள்விதான். கோடு போட்டது பழைய ஸ்ட்ரட்டுல. அது இந்நேரம் பழைய இரும்பு கடையில கிடக்கும். புது ஸ்ட்ரட்டுல அந்த கோடு எங்கய்யா இருக்கு?

வாசல்கராஜ்:
வந்துட்டாருய்யா நம்ம புரொபசர். கோடு நக்கிள்லயும் இருக்கு சார், நக்கிள் பழசுதானே? டை ராட (ஸ்டீயரிங்ல இருந்து வீல திருப்புற கம்பி) நான் தொடவே இல்ல. டை ராட தொடாம அலைன்மென்ட் எப்படி மாறும்? பைபாஸ்ல ஸ்டீயரிங்க விட்டா கூட வண்டி கோடு கிழிச்ச மாதிரி நேரா போகுது. வேற என்ன ப்ரூஃப் வேணும்?

ஆறாம்கியர்:
நக்கிள்ல பாதி கோடு இருக்கு சரி, மீதி பாதி எங்க? அததானே கேக்குறேன். டை ராட தொடலன்னு பெருமை வேற. ஸ்விஃப்ட்ல ஸ்ட்ரட்டோட கீழ் பிராக்கெட்ல ரெண்டு போல்ட்டு, அந்த ரெண்டுதான் நக்கிள நிமிர்த்தி புடிக்குது, ஓட்டையில போல்ட்டுக்கு கொஞ்சம் ஆட்டம் இருக்கும், ரெண்டு போல்ட்டுக்கும் நடுவுல அஞ்சரை சென்டிமீட்டர்னு வச்சுக்குங்க, அதுல அரை மில்லி நகர்ந்தா கேம்பர், அதாவது வீலு மேல்பக்கம் உள்ளயோ வெளியவோ சாயுற கோணம், அரை டிகிரி போச்சு, கால்குலேட்டர் இருந்தா போட்டு பாருங்க. கேம்பர் மாறினா நக்கிள் கீழ் பால் ஜாயின்ட்ட (நக்கிளோட கீழ் மூட்டு) வச்சு சாயுது, டை ராடு மாட்டுற இடம் அந்த பால் ஜாயின்ட்டோட ஒரே உயரத்துல இல்ல, அதனால டோவும், அதாவது வீலோட முன்பக்கம் உள்ளயோ வெளியவோ திரும்பியிருக்கற அளவும், சேர்ந்து நகரும். நீங்க தொடலன்னாலும் அது மாறும். அப்புறம் நேரா போகுதுங்கறது ஒரு ப்ரூஃபா? ரெண்டு பக்கமும் ஒரே அளவு டோ கெட்டுப்போனாலும் வண்டி நேராதான் போகும், டயருதான் போயிடும். டயர் மேல உள்ள இருந்து வெளிய ஒருக்கா, வெளிய இருந்து உள்ள ஒருக்கா கைய தடவி பாருங்க, ஒரு திசையில வழுவழுன்னும் எதிர் திசையில ரம்பம் மாதிரியும் இருந்துச்சுன்னா டோ காலி.

ரிங்ஸ்பேனர்:
நான் தொழில்ல இருக்கறவன், சொல்லலாமான்னு தெரியல. புது ஷாக்க மாட்டி போல்ட்ட முறுக்குறப்ப வீல மேல்பக்கம் உள்ள தள்ளி புடிச்சுக்கிட்டு டைட் வைப்போம். முடிஞ்சு போச்சு. இதுக்கு டிகிரி மில்லின்னு கணக்கு வாத்தியார் எல்லாம் வேணாம். ஒரு கஸ்டமரும் இதுக்காக திரும்பி வந்தது கிடையாது.

ஆறாம்கியர்:
கஸ்டமர் திரும்பி வரலன்னா வேற ஒர்க்‌ஷாப்புக்கு போயிட்டான்னு அர்த்தம் அண்ணே.

ரிங்ஸ்பேனர்:
நாக்க அடக்கி பேசுங்க. கையில கிரீஸ் பட்டிருக்கா உங்களுக்கு?

மதுரைஸ்விஃப்ட்:
அண்ணே நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். என் வண்டியில லெஃப்ட் சைடு மட்டும் ஷாக்குல ஆயில் கசிவு, ரைட்டு நல்லா இருக்கு. ஒண்ணு மட்டும் மாத்தலாமாண்ணே?

வாசல்கராஜ்:
ஜோடியாதான் மாத்தணும் தம்பி. வாங்குறப்ப எல்எச் ஆர்எச் (லெஃப்ட், ரைட்டு) பாத்து வாங்கு, பிரேக் ஹோஸ் பிடிக்கிற பிராக்கெட்டு ரெண்டு பக்கமும் வேற வேற. ஏபிஎஸ் வயரையும் ஹோஸையும் முதல்ல கழட்டிவிட்டுடு. ஸ்ட்ரட் வெளிய வந்ததும் நக்கிள் வெளிப்பக்கமா சாஞ்சு விழப்பாக்கும், கம்பி போட்டு கட்டு, இல்லன்னா டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட் உள்ள கழண்டுரும். எல்லாம் என் பதிவுலயே இருக்கு. கழட்டுறதுக்கு முன்னாடி மார்க் போட மறக்காத :)

ஆறாம்கியர்:
அந்த பையனையும் கெடுங்க. மார்க் போடு, அப்புறம் மார்க்க இரும்பு கடையில போடு.

அதிருக்கட்டும், அந்த பதிவுல இருந்த போட்டோவ யாரும் உத்து பாக்கலயா? வண்டி எது மேல நிக்குது? ஹாலோ பிளாக் மேல! ஜாக்கி ஸ்டாண்ட் கிடையாது, ஹாலோ பிளாக்! அது செவுரு கட்டுற கல்லு, ஒரே இடத்துல வெயிட் விழுந்தா முன்னறிவிப்பு இல்லாம நொறுங்கும். இவரு நமக்கு பாடம் எடுக்குறாரு.

வாசல்கராஜ்:
ஸ்டெப்னிய கழட்டி பாடிக்கு அடியில வேற போட்டிருந்தேன், அது போட்டோல தெரியாது. அடியில நான் படுக்கவும் இல்ல, ஷாக் மாத்த யாரும் அடியில படுக்க வேண்டியதும் இல்ல. குத்தம் கண்டுபிடிக்கணும்னே பாத்தா குத்தம்தான் தெரியும். டயருக்கு நைட்ரஜன் அடிச்சாதான் வண்டி ஓடும்னு அந்த திரியில நீங்க பண்ண அலப்பறைய யாரும் மறக்கல. காத்துலயே முக்கால்வாசிக்கு மேல நைட்ரஜன்தான்னு நான் சொன்னதுக்கு இன்னிக்கு வரைக்கும் பதில் இல்ல.

ஆறாம்கியர்:
ரேடியேட்டர்ல போர் தண்ணி ஊத்தலாம்னு சொன்ன மகான் பேசுறாரு. கேள்விக்கு வாங்க. புது ஸ்ட்ரட்டுல கோடு எங்க?

புதுப்பேட்டையான்:
ரெண்டு பேரும் முக்கியமானத விட்டுட்டீங்க. ஷாக்க மட்டும் மாத்திட்டு பழைய டாப் மவுண்ட்டையும் (ஸ்ட்ரட் உச்சிய பாடியில புடிக்கிறது) பேரிங்கையும் அப்படியே மாட்டுனா ஸ்டீயரிங் திருப்புறப்ப டொக்கு டொக்குன்னு சத்தம் வரும், திரும்ப மொத்தத்தையும் பிரிக்கணும். பம்ப் ஸ்டாப் (ஷாக்கு அடி வரைக்கும் இடிக்காம தடுக்கற கட்டை), டஸ்ட் பூட்டும் (தூசி மூடி) சேத்து வாங்குங்க. எல்லாம் சென்னை ஜி.பி. ரோட்டுல ஒரே கடையில கிடைக்கும். காசு இல்லாதவன் பழைய பார்ட்ஸ் விக்கிற புதுப்பேட்டை வாங்க, முழு அசெம்ப்ளியே ஸ்பிரிங்கோட தூக்கிட்டு போகலாம், ஸ்பிரிங்க அமுக்குற கம்ப்ரஸர் தேவையில்ல.

ஆறாம்கியர்:
அடிபட்ட வண்டியில இருந்து கழட்டுன ஸ்ட்ரட்டா? ராடு வளைஞ்சிருக்கான்னு கண்ணுல பாத்து சொல்லுவீங்களா? பிரமாதம்.

ரிங்ஸ்பேனர்:
கம்ப்ரஸர் எல்லாம் நாங்க எப்பவுமே யூஸ் பண்ணதில்ல. தடி கயிறு ரெண்டு சுத்து, வண்டி வெயிட்டுலயே ஸ்பிரிங் அமுங்கி இருக்கறப்ப கட்டிட்டா போதும்.

வாசல்கராஜ்:
அண்ணே இதுல மட்டும் உங்க கூட சேர முடியாது. அமுங்கின ஸ்பிரிங்கு கயிறு அறுந்து முகத்துல அடிச்சா ஆளு இருக்கமாட்டான். நான் கம்ப்ரஸர் ரெண்டு பீஸ் எதிரெதிரா மாட்டி, மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமாதான் முறுக்குனேன். நடு நட்டையும் இம்பாக்ட் கன் (நட்டு கழட்டுற மெஷின்) வச்சு கழட்டல, ராடு உச்சிய ஆலன் கீல புடிச்சுக்கிட்டு கையாலதான். சிலபேரு பிளேயர் போட்டு பளபளன்னு இருக்கற ராடையே புடிப்பான், அதுல ஒரு கீறல் விழுந்தா சீல கிழிச்சிரும், புது ஷாக்கு ஆயில் கக்க ஆரம்பிச்சிரும். மாட்டுறதுக்கு முன்னாடி நிமிர்த்தி வச்சு நாலு தடவ பம்ப் பண்ணேன், கடையில படுக்க வச்சிருப்பான், காத்து நிக்கும்ல.

ஆறாம்கியர்:
இவ்வளவு பொறுப்பா வேலை செஞ்சவரு ஒரு ஐநூறு ரூபா மிச்சம் புடிக்க டயர குடுக்குறாரு பாருங்க. அதுதான் எனக்கு புரியவே மாட்டேங்குது.

வாசல்கராஜ்:
ஓ, இப்ப புரியுது. உங்க மச்சான் அலைன்மென்ட் கடை வச்சிருக்காருன்னு ஒரு தடவ சொன்னீங்கல்ல.

ஆறாம்கியர்:
என் மச்சானுக்கும் உங்க கேம்பருக்கும் என்ன சம்பந்தம்? குடும்பத்த இழுக்காதீங்க. மச்சான் கடைக்கு வராதீங்க, வேற எந்த கடைக்காச்சும் போங்க, நான் கேட்டது ரிப்போர்ட் பேப்பர் மட்டும்தான். முன்னாடி பின்னாடி ரீடிங் போட்டோ எடுத்து போடுங்க, நான் வாய மூடிக்கிறேன்.

அம்பாசிடர்தாத்தா:
நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். நாங்க எல்லாம் கம்ப்யூட்டர் மெஷின் இல்லாமதான் வண்டி ஓட்டினோம். வண்டியோட ரெண்டு பக்கமும் நூல் கட்டி, ஸ்கேல் வச்சு டோ பாப்போம். மெட்ராஸ் டு கன்னியாகுமரி போயிட்டு வந்திருக்கேன் அம்பாசிடர்ல, டயர் ஒண்ணும் ஆகல. இந்த மாதிரி ஸ்ட்ரட்டு, மேக்பர்சன் ஸ்ட்ரட்டு, 1950லயே ஃபோர்டு கான்சல்ல வந்தாச்சு தம்பி, அப்ப எந்த கம்ப்யூட்டர் இருந்தது?

ஆறாம்கியர்:
சார், அம்பாசிடர்ல முன்னாடி டார்ஷன் பாரு (முறுக்கிக்கிட்டு ஸ்பிரிங்கா வேலை செய்யுற கம்பி), அதுல ஸ்ட்ரட்டே கிடையாது, அந்த கதை இங்க ஒட்டாது. கான்சல் காலத்துல கம்ப்யூட்டர் இல்ல, ஆனா கேஜ் வச்சு அளந்தான், மார்க்கர் பேனா வச்சு இல்ல. நூல் கட்டுறது சரி, ஆனா முன் ட்ராக்கும் பின் ட்ராக்கும் (இடது வலது வீலுக்கு நடுவுல உள்ள தூரம்) ஒரே அகலம் கிடையாது, நூல டயர ஒட்டி கட்டுனா தப்பா காட்டும், வித்தியாசத்த பிரிச்சு விட்டு கட்டணும். அது தெரியாம யூட்யூப் பாத்து நூல் கட்டுறவன்தான் இங்க ஜாஸ்தி. நூல்ல கேம்பரும் தெரியாது.

அம்பாசிடர்தாத்தா:
ட்ராக்கு வித்தியாசம் எனக்கு நீங்க சொல்லித்தர வேண்டியதில்ல. பெரியவங்ககிட்ட பேசுற மொழியா இது? கதை ஒட்டாதாம். ஒட்டுற கதைய நீங்களே சொல்லிக்குங்க.

புதுப்பேட்டையான்:
தாத்தா விடுங்க, அவரு எல்லாருகிட்டயும் அப்படித்தான்.

மதுரைஸ்விஃப்ட்:
அப்ப நான் அலைன்மென்ட் பண்ணணுமா வேணாமாண்ணே?

ஆறாம்கியர்:
பண்ணணும்.

வாசல்கராஜ்:
வேணாம். மார்க் போடு.

ரிங்ஸ்பேனர்:
உள்ள தள்ளி டைட் வை. போதும்.

ஆறாம்கியர்:
இந்த திரிய படிக்கிற யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், புது ஸ்ட்ரட்டுல பழைய கோடு எப்படி வரும்னு விளக்குங்க. மூணு பேரு மூணு திசையில ஓடுறீங்க, அந்த கேள்விக்கு மட்டும் பதில் இல்ல. ரெண்டு பிராக்கெட்டும் ஒரே அச்சுல வந்ததுன்னே வச்சுக்குவோம், அதே கம்பெனி, அதே பார்ட் நம்பர், அப்பவும் ஓட்டைக்குள்ள போல்ட்டு எந்த பக்கம் ஒட்டி நிக்குதுன்னு உங்களுக்கு எப்படி தெரியும்? தெரியாது. அவ்வளவுதான் விஷயம். இத ஒத்துக்க ஈகோ விடமாட்டேங்குது.

வாசல்கராஜ்:
ஈகோ பத்தி நீங்க பேசுறீங்க. நல்லா கேட்டுக்குங்க, அடுத்து பின் ஷாக்கு ரெண்டும் மாத்தப்போறேன், அதுவும் வாசல்லதான், அதுக்கும் மார்க் போட்டுட்டுதான் கழட்டுவேன், அதுக்கும் அலைன்மென்ட் பண்ணமாட்டேன். என்ன பண்ணுவீங்க?

ஆறாம்கியர்:
அய்யோ கடவுளே. ஸ்விஃப்ட்டுக்கு பின்னாடி டார்ஷன் பீம்யா, ரெண்டு பின் வீலயும் சேர்க்கற ஒரே தண்டு! அங்க ஷாக்கு தனி, ஸ்பிரிங் தனி, ஷாக்க கழட்டுனா கேம்பரோ டோவோ எதுவும் அசையாது, அங்க எதுக்கு மார்க்கு? எத எங்க போடணும்னே தெரியாம...

வாசல்கராஜ்:
ஆக ஷாக் மாத்துனா அலைன்மென்ட் மாறாதுன்னு நீங்களே எழுதிட்டீங்க. ஸ்கிரீன்ஷாட் எடுத்தாச்சு. நன்றி சார்.

ரிங்ஸ்பேனர்:
அதத்தான்யா நானும் அப்பவே சொன்னேன்.

ஆறாம்கியர்:
பின்னாடி! பின்னாடின்னு சொன்னேன்! முன்னாடி வேற பின்னாடி வேற! ஸ்கிரீன்ஷாட்ட முழுசா போடுங்க, பாதிய வெட்டி போடுற வேலையெல்லாம் அந்த ரேடியேட்டர் கூலன்ட் திரியிலயே பாத்தாச்சு, அட்மின் யாராவது இருந்தா அந்த பழைய திரிய தேடி எடுத்து இங்க லிங்க் போடுங்க, இவரு அன்னிக்கு போர் தண்ணிய பத்தி என்னென்ன எழுதினாருன்னு எல்லாரும் படிக்கட்டும்.