பொருள்: "லிமிட்டட் எடிஷன்" தமிழில்? (வெள்ளிக்குள் வேண்டும்)

அன்பர்களுக்கு வணக்கம்.

ஜப்பானிய ஓவியர் தகாஷி முரகாமியின் சிரிக்கும் பூக்கள் பற்றிய பட்டியல் நூல் ஒன்று தமிழாகிறது. கட்டுரைகள் முடிந்தன, படக்குறிப்புகள்தாம் பாக்கி. ஏறத்தாழ ஒவ்வொரு படத்தின் கீழும் இதே செய்தி: ஆஃப்செட் லித்தோகிராஃப், கோல்ட் ஸ்டாம்ப், பளபளப்பு வார்னிஷ், எடிஷன் 300, கையொப்பமும் எண்ணும் உண்டு. "வரையறுக்கப்பட்ட பதிப்பு" என்று போட்டால் வரிக்குள் அடங்கவில்லை. தவிர, வரையறை என்றாலே டெஃபினிஷன் என்றுதான் பள்ளியிலிருந்து படித்து வருகிறோம். சுருக்கமாக ஒரு சொல் தாருங்கள்.

---

மறு: "லிமிட்டட் எடிஷன்" தமிழில்?

வரைபதிப்பு.

வரைதல் எல்லை கட்டுதல். வரையாது கொடுத்தான் என்றால் அளவு பாராமல் கொடுத்தான் என்பது. வினைத்தொகை ஆகையால் வல்லினம் மிகாது, வரைபடம் போல. "வரைப்பதிப்பு" என்று எழுதிவிடாதீர்கள், அது மலைப்பதிப்பாகும். வரைதல் ஓவியத்தொழிலையும் குறிப்பது நமக்குக் கிடைத்த கொசுறு. எல்லைக்கும் கோட்டுக்கும் ஒரே வேர் அமைந்திருப்பது தற்செயல் இல்லை. கோடு கிழித்தால்தானே எல்லை? வரை என்னும் மூங்கிலும் கணுவால் எல்லைப்பட்டது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

---

மறு: "லிமிட்டட் எடிஷன்" தமிழில்?

> வரைபதிப்பு.

மூங்கில் வரைக்கும் போய்விட்டீர்களே ஐயா! அப்படியானால் எண்ணிக்கைக் கட்டில்லாத ஓப்பன் எடிஷனுக்கு "வரைவில் பதிப்பு" என்பீர்கள். குறளின் 92ஆம் அதிகாரத் தலைப்பு ("வரைவின் மகளிர்", அதாவது விலைமகளிர்) நினைவிருக்கிறவர் யாரும் அந்தப் படத்தை வீட்டுக்குள் மாட்டமாட்டார்.

விளையாட்டு இருக்கட்டும். இன்று வரைவு என்றால் டிராஃப்ட். சட்ட வரைவு, வரைவு அறிக்கை. வரைபதிப்பைப் பார்த்த வாசகர் "இன்னும் முடியாத பதிப்பு போல" என்றுதான் நினைப்பார்.

---

மறு: "லிமிட்டட் எடிஷன்" தமிழில்?

எல்லோரும் "லிமிட்டட்" மேல் பாய்கிறீர்கள். சிக்கல் "பதிப்பு" என்ற சொல்லில் இருக்கிறது.

புத்தகம் தீர்ந்தால் இரண்டாம் பதிப்பு வரும். அச்சோவியத்தில் அது வரக் கூடாது, அதுதான் வாங்குபவருக்குத் தரும் வாக்கு. 300 தாள் தேறியதும், திரையச்சானால் (வலைத்திரை வழியே மையைத் தள்ளி அச்சிடுவது) திரையிலுள்ள படலத்தைக் கரைத்துவிடுவார்கள். செப்புத் தகடானால் குறுக்கே கீறி, கீறியதற்குச் சான்றாக ஒரு தாளும் எடுத்து வைப்பார்கள். எடிஷன் என்பது அந்த 300 தாளும் சேர்ந்த தொகுதி. 23/300 என்பது அதில் ஒரு தாள். இரண்டையும் பதிப்பு என்றால் "23ஆம் பதிப்பு" என்று யாராவது எழுதியே தீருவார்கள். தாளுக்குப் "படி" போதும். சுவடி காலத்திலிருந்து இருக்கிற சொல்.

23 என்பது 23ஆவதாக அச்சான தாள் என்றும் பொருளில்லை. பூவுக்கு ஏழு நிறமென்றால் திரையச்சில் ஏழு திரை. ஒவ்வொரு நிறத்துக்கும் தாள்கள் உலர்தட்டில் ஏறி இறங்கும்போது வரிசை கலைந்துவிடும். காற்றின் ஈரத்தில் தாள் அரை மில்லிமீட்டர் விரிந்தாலும் அடுத்த நிறம் விலகி, இதழின் கோட்டுக்கு வெளியே மஞ்சள் எட்டிப் பார்க்கும். அதற்காகத்தான் 300 வேண்டுமென்றால் 330, 350 தாள் எடுத்துத் தொடங்குவது. கழிந்தவற்றைக் கிழித்த பிறகே பென்சிலால் எண்.

இன்னொன்று. அமெரிக்க ஓவியர் ஆன்டி வார்ஹோலின் 1970 பூக்கள் பத்துப் படங்கள், 91.4 செ.மீ. சதுரம், ஒவ்வொன்றிலும் 250 படி. அவற்றுக்கு வெளியே ஏ முதல் இசட் வரை எழுத்திட்ட 26 "ஆர்ட்டிஸ்ட்ஸ் புரூஃப்" உண்டு. ஆக 250 என்பது முழுக் கணக்கில்லை. இந்த ஏ.பி.க்கும் இப்போதே சொல் கண்டுவிடுங்கள். "மெய்ப்பு" வேண்டாம், பிழை திருத்தும் தாள் என்று எண்ணுவார்கள். ஓவியர் படி என்றால் சரியாக இருக்கும்.

---

மறு: மட்டு (முன்பு: "லிமிட்டட் எடிஷன்" தமிழில்?)

ஈழத்து வழக்கில் லிமிட்டட் என்பதற்கு "மட்டுப்படுத்தப்பட்ட" என்று எழுதுவது வழமை. சுருக்கினால் மட்டுப் பதிப்பு. மட்டு என்றால் அளவு; பழந்தமிழில் தேனும் அதுவே. மட்டுவார்குழலி என்ற பெயரை எண்ணிப் பாருங்கோ. பூப்படத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் அமையுமோ?

---

மறு: மட்டு

தேன் சரி. கள்ளும் மட்டுதான், அதையும் சொல்லிவிடுங்கள். "சரக்கு மட்டு" என்றால் தரம் குறைவு என்று கேட்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். விலை உயர்ந்த படத்தின் கீழே இதைப் போட முடியாது.

---

மறு: ஒற்று (முன்பு: மட்டு)

அச்சோவியம் என்ற சொல்லே எனக்கு உடன்பாடில்லை. தாளை மையின் மேல் வைத்து அழுத்தி எடுப்பது ஒற்றுதல். ஆகவே ஒற்றோவியம். ஒற்றி எடுத்த தாள் ஒற்று, 23ஆம் ஒற்று.

---

மறு: ஒற்று

23ஆம் ஒற்றன் மாறுவேடத்தில் வருகிறான், வாயிற்காவலரிடம் சொல்லிவையுங்கள்.

லிமிட்டட் எடிஷன் என்றே எழுதுங்களேன்! கைக்கடிகாரம் வாங்குகிறவருக்கும் செருப்பு வாங்குகிறவருக்கும் புரிகிற சொல்.

---

மறு: "லிமிட்டட் எடிஷன்" தமிழில்?

> செருப்பு வாங்குகிறவருக்கும் புரிகிற சொல்.

அதனால்தான் வேண்டாம் என்கிறேன். கடையில் அதற்கு "சீக்கிரம் வாங்கு" என்பதே பொருள். எண்ணிக்கையை யாரும் சொல்வதில்லை.

"எண்ணிட்ட பதிப்பு" எப்படி?

---

மறு: "லிமிட்டட் எடிஷன்" தமிழில்?

பேருந்துச் சீட்டிலும்தான் எண் இருக்கிறது. எண்ணிட்டதெல்லாம் எல்லைப்பட்டதாகாது.

---

மறு: "லிமிட்டட் எடிஷன்" தமிழில்?

ஐயா சொல்வது சரி. வார்ஹோலின் அதே பூக்கள் "சண்டே பி. மார்னிங்" என்ற வேறொரு வெளியீட்டாளர் பெயரிலும் வெளிவந்தன, பின்புறத்தில் "உங்கள் கையெழுத்தை நீங்களே இடுங்கள்" என்ற முத்திரையோடு. சிலவற்றில் வார்ஹோலே "இது என்னுடையதன்று" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்! எண், முத்திரை, கையொப்பம் மூன்றும் தனித்தனிச் செய்திகள். ஒரே சொல்லில் அடைக்கப் பார்த்தால் ஏதாவது ஒன்று விழுந்துவிடும்.

படக்குறிப்பில் சொல் எதற்கு? காசோலையில் எழுதுகிற மாதிரி "300 படிகள் மட்டும்" என்று போடுங்கள். எல்லையும் எண்ணிக்கையும் வந்துவிட்டன. ஓவியர் படிகள் இருந்தால் ஒரு கூட்டல் குறி போதும்.

---

மறு: "லிமிட்டட் எடிஷன்" தமிழில்?

கடைசியில் மட்டு வந்திட்டுதே!

---

மறு: "லிமிட்டட் எடிஷன்" தமிழில்?

இடைச்சொல் கலைச்சொல்லாகாது. நூலின் பின்னே சொல்லடைவு உண்டல்லவா? அங்கே "மட்டும்" என்றா தலைச்சொல் போடுவீர்கள்?

---

மறு: "லிமிட்டட் எடிஷன்" தமிழில்?

அனைவருக்கும் நன்றி. படக்குறிப்பில் "300 படிகள் மட்டும்". சொல்லடைவில் "வரைபதிப்பு", பக்கத்தில் ஒரு வரி விளக்கம். டிராஃப்ட் என்று படித்துவிடுவார்கள் என்ற மறுப்பு எனக்கும் உறுத்துகிறது, ஆனால் அடைவை இன்றிரவே அனுப்பவேண்டும்.

ஆஃப்செட் லித்தோகிராஃபுக்கு "மறுதோன்றிக் கல்லச்சு" என்று வைத்திருக்கிறேன்.

---

மறு: "லிமிட்டட் எடிஷன்" தமிழில்?

கல்லை எடுத்துவிடுங்கள். அலுமினியத் தகட்டிலிருந்து ரப்பர் விரிப்புக்கும் அதிலிருந்து தாளுக்கும் போகிற மையில் கல் எங்கே வந்தது? மறுதோன்றி அச்சு போதும். வல்லின றகரத்தில் கண் வையுங்கள். மருதோன்றி என்று விழுந்தால் பூக்களுக்கு மருதாணி பூசியதாகிவிடும்.

அதைவிட அவசரம் "கோல்ட் ஸ்டாம்ப்". தமிழில் எழுதினால் தங்கம் என்றுதான் படிப்பார்கள். ஆங்கிலத்தில் அது gold அன்று, cold, அதாவது குளிர். பசை அச்சிட்டு அதன்மேல் உலோகப் படலத்தைச் சூடில்லாமல் அழுத்தி ஒட்டுகிற முறை. வெள்ளி நிறப் படலம் மின்னுகிற பூவின் கீழே "கோல்ட்" என்று இருந்தால் படத்தைத் தவறாக அச்சிட்டுவிட்டதாகப் புகார் வரும்.

---

மறு: தண்பொறி (முன்பு: "லிமிட்டட் எடிஷன்" தமிழில்?)

தண்பொறி. தண்மை + பொறி (முத்திரை). புலிப்பொறி, விற்பொறி என்னும் வழக்குகளை நோக்குக.

---

மறு: தண்பொறி

பொறி என்றால் இயந்திரம். குளிர்சாதனப் பெட்டி என்று நினைப்பார்கள் ஐயா.