தமிழில பார்க்கிற ஸ்பீச் தெரபிஸ்ட் ஆரையும் தெரியுமா? (கொழும்பு)

எல்லாருக்கும் வணக்கம். மகனுக்கு வாற மாசம் 2 வயசு. "அம்மா", "தா" ரெண்டும்தான் இதுவரைக்கும் வாயில வருது. இந்த வயசில ரெண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லவேணும். 34 கிழமையில பிறந்தவன், அதால வயசில ஒன்றரை மாசத்தைக் குறைச்சுத்தான் பார்க்கிறது. குறைச்சாலும் பிந்தித்தான் இருக்கு.

விளங்கிறதில குறையில்லை. "அப்பப்பான்ர செருப்பை எடுத்துவா" எண்டா ரெண்டையும் நெஞ்சோட அணைச்சுக்கொண்டு போய்க் குடுப்பான். காகத்தைக் கண்டா விரலால காட்டிட்டு என்ர முகத்தைப் பார்ப்பான். சத்தம் மட்டும் வராது.

வீட்டில தமிழ், டே கெயாரில சிங்களம். ரெண்டு பாஷையால குழம்பிட்டான் எண்டு சொந்தக்காரர் சொல்லினம். அது சரியில்லை. ரெண்டு பாஷை கேட்டு வளர்றதால பேச்சு பிந்தாது; சொற்களை எண்ணேக்க ரெண்டு பாஷையையும் சேர்த்துத்தான் எண்ணவேணும். தயவுசெய்து "ஆம்பிளைப் பிள்ளையள் அப்பிடித்தான், பொறுங்கோ" எண்டு மட்டும் எழுதாதேங்கோ.

எனக்குப் பயம் காதைப் பற்றித்தான். அடிக்கடி தடிமன், காதுக்குத்து. செவிப்பறைக்குப் பின்னால தண்ணி நிண்டா சத்தம் மங்கலாத்தான் கேக்கும், பேச்சும் பிந்தலாம்.

நாங்கள் வெள்ளவத்தையில. இவ்வளவு சின்னப் பிள்ளைக்குக் காது டெஸ்ட் நல்லாச் செய்யிற இடம் எது? பொரளை ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஆக்கள் இருந்தா, கிளினிக் கடிதம் வேணுமா, எவ்வளவு நாள் காத்திருக்கவேணும் எண்டு சொல்லுங்கோ. தமிழில பிள்ளையோட கதைச்சுப் பார்க்கிற தெரபிஸ்டைத் தெரிஞ்சா, பிரைவேட் எண்டாலும் பரவாயில்லை, இன்பொக்ஸில விபரம் அனுப்புங்கோ.