உசிலம்பட்டிக் கல்யாணமும் மைக்கில் வாசிக்கும் மொய்யும்

வடசென்னைவாசி:
அலுவலக நண்பனின் தங்கைக்கு உசிலம்பட்டியில் கல்யாணம். முகூர்த்தம் காலை 6 முதல் 7.30. அந்தப் பக்கம் எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. போன வருஷம் செக்கானூரணியில் ஒரு காதுகுத்துக்குப் போனேன். மொய்யை மைக்கில் வாசித்தார்கள். என் பேரைச் சொல்லி "இருநூறு" என்றதும் பக்கத்து இலைக்காரர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி ரசத்தில் இறங்கிவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த மைக் இன்னும் தேவையா?

கருமாத்தூரான்:
தம்பி, முதலில் ராத்திரியே போய்ச் சேருங்கள். ஆறரைக்கு வந்தால் தாலி கட்டி முடிந்திருக்கும், இட்லிதான் மிச்சம். தாய்மாமன் சீர் வரும்போது வழிவிட்டு நில்லுங்கள். கொட்டு, வேட்டு, வரிசையாகத் தாம்பாளம், அதில் பட்டும் பழமும் என்று ஊரே பார்க்கும். பந்தியில் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த ஆள் நிற்பார். கோபப்படாதீர்கள், இடம் பிடிப்பது அப்படித்தான்.

மொய்க்கு வருவோம். எங்களுக்கு அது செய்முறை, வாங்கியதைத் திருப்பிச் செய்தாக வேண்டிய கடன். அன்பளிப்பு என்று நினைத்தால் கணக்கே புரியாது. 1996இல் எங்கள் அக்கா கல்யாணத்தில் பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் அப்பா அன்று சாயங்காலமே பணம் கொடுத்தார். எல்லாம் செய்முறையில் வந்தது. எந்த வங்கி எங்களுக்கு அப்படிக் கொடுத்திருக்கும்? வட்டியும் கிடையாது.

தேனி மருமகள்:
வட்டி இல்லையா அண்ணே? 501 செய்தவருக்கு 501ஐத் திருப்பிப் பாருங்கள், அப்புறம் பேசுவோம். 1001 ஆவது எழுத வேண்டும். பழையது போக மிச்சம் புது மொய், அது அவர்கள் தலையில். இப்படியே ஏறிக்கொண்டு போகும், முடிவே கிடையாது.

என் மாமியார் பீரோவில் மூன்று மொய் நோட்டு இருக்கிறது. மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் வாங்கிய மொய் எங்களிடம் நிற்கிறது. ஒரு வைகாசியில் மட்டும் பதினொரு பத்திரிகை. என் செயின் அடகுக்குப் போனது. கொஞ்சம் குறைத்து எழுதலாமே என்றேன். "மைக்கில் வாசிப்பானே" என்றார் மாமியார். மைக் இல்லாவிட்டால் பாதிக் கடன் குறையும் என்பேன்.

பேராவூரணி:
எங்கள் பக்கம் இதற்குக் கல்யாணம்கூட வேண்டாம். ஆடி, ஆவணியில் மொய் விருந்து வைப்போம். செலவைப் பங்கு போட நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பந்தல், கிடாக்கறி. அந்தப் பணத்தில் போர்வெல் போட்டவர்கள் உண்டு, பிள்ளையைப் படிக்க வைத்தவர்களும் உண்டு. திருப்ப முடியாமல் தோப்பை விற்றவரையும் பார்த்திருக்கிறேன்.

கருமாத்தூரான்:
மருமகளே, செயின் விஷயம் வருத்தம்தான். ஆனால் மைக்கை எடுத்துவிட்டால் சாட்சி எங்கே? எழுதுகிறவர் ஒரு சைபரை விட்டுவிட்டால் அது அடுத்த தலைமுறைக்குச் சண்டை. நாலு பேர் காதில் விழுந்தால் உடனே திருத்திவிடலாம்.

தேனி மருமகள்:
இப்போதுதான் கணினி வைத்து ரசீதே அடித்துக் கொடுக்கிறார்களே, சாட்சிக்கு அது போதாதா? ரசீதைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். தொகையை ஊருக்குச் சொல்வது சாட்சிக்காக இல்லை அண்ணே, வெட்கப்பட வைக்கத்தான்.

கருமாத்தூரான்:
வெட்கமும் கொஞ்சம் வேண்டும். இல்லாவிட்டால் வாங்கியவன் ஒருத்தனும் திரும்பி வரமாட்டான்.

வடசென்னைவாசி:
சரி, நான் என்னதான் செய்வது? கவரில் போட்டு நண்பன் கையில் கொடுத்துவிடலாமா?

தேனி மருமகள்:
தாராளமாகக் கொடுங்கள். உங்களுக்கும் அவர்களுக்கும் பழைய கணக்கு எதுவும் இல்லையே.

கருமாத்தூரான்:
கொடுக்கலாம். மறுநாள் வீட்டில் கவரைப் பிரித்து நோட்டில் ஏற்றிவிடுவார்கள். உங்கள் வீட்டு விசேஷத்துக்குச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள், தேடிக்கொண்டு வந்து செய்வார்கள்.

வடசென்னைவாசி:
அப்போது 501ஆகவே எழுதிவிடுகிறேன். ஊர்ப் பெயர் கேட்பார்களே, வியாசர்பாடி என்று சொன்னால் போதுமா?

கருமாத்தூரான்:
போதும். அதையும் வாசிப்பார்கள்.