மூன்றாவது வீட்டுக்கு முதல் வீட்டுப் பத்திரத்தையும் ஈடாகக் கேட்கிறது வங்கி, கொடுக்கலாமா?

கேள்வி (வாடகைக்காரன்):
வணக்கம். வாடகைக்கு விட்ட வீடு ரெண்டு இருக்கு. முதல் வீட்டுக் கடன் முடிஞ்சு பத்திரம் கைக்கு வந்துடுச்சு. ரெண்டாவதுக்குத் தவணை ஓடுது. இப்போ மூன்றாவதா ஒண்ணு அமைஞ்சிருக்கு, ஆனா முன்பணத்துக்குக் கையில காசு இல்லை. "முதல் வீட்டுப் பத்திரத்தையும் சேர்த்து வைங்க, விலை முழுசுக்கும் கடன் தர்றோம்"ன்னு வங்கி மேலாளர் சொல்றார். ஒரே கணக்கு, ஒரே தவணை. சுலபமாத்தான் தெரியுது. இதுல ஏதாவது சிக்கல் வருமா?

பதில் 1 (பழைய கடன்தாரர்):
தம்பி, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. நான் ரெண்டு வீட்டை இப்படித்தான் ஒரே கடனுக்கு ஈடா வச்சேன். நாலு வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. அம்மாவோட சிகிச்சைக்காகச் சின்ன வீட்டை விக்க வேண்டி வந்தப்போதான் விஷயம் புரிஞ்சது.

வாங்க ஆள் ரெடி, அட்வான்ஸும் வாங்கியாச்சு. விக்கிற வீட்டுக்கு உண்டான கடனைக் கட்டிட்டா பத்திரம் வந்துடும், மீதி கைக்கு வரும்னு நம்பிட்டு இருந்தேன். வங்கி என்ன பண்ணுச்சுன்னா, நான் விக்காத பெரிய வீட்டுக்கு மதிப்பீட்டாளரை அனுப்புச்சு. அவர் நான் வாங்கின விலையைவிடக் குறைச்சுப் போட்டார். "மீதி ஈடு போதாது, விற்பனைத் தொகை முழுசும் கடனில் வரவு வைக்கணும்"னு கடிதம் வந்தது. வீடு போச்சு, கையில ஒரு காசு வரலை. சிகிச்சைக்கு அக்காகிட்டதான் வாங்கினேன்.

அப்புறம் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தா, பதினோராம் பக்கத்துல பொடி எழுத்துல இருக்கு: "இக்கடனுக்கு மட்டுமின்றி, கடன்தாரர் வங்கிக்குச் செலுத்தவேண்டிய அனைத்துத் தொகைகளுக்கும்" அந்தச் சொத்துகள் ஈடு. அந்த "அனைத்துத் தொகைகள்" இருக்கிற வரைக்கும் எந்த வீட்டையும் தனியாப் பிரிச்சு எடுக்க முடியாது.

அதனால கடனைப் பிரிச்சு வாங்குங்க. முதல் வீட்டு மேல மட்டும் தனியா ஒரு அடமானக் கடன். அந்தப் பணம் மூன்றாவதுக்கு முன்பணம். மீதிக் கடன் மூன்றாவது வீட்டை மட்டும் ஈடா வச்சு, முடிஞ்சா வேற வங்கியில. பரிசீலனைக் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம் ரெண்டு தடவை போகும், போகட்டும். நாளைக்கு ஒண்ணை விக்கணும்னா இன்னொண்ணைத் தொட வேண்டாம். சேர்த்துத்தான் வைக்கணும்னு வங்கி பிடிவாதம் பிடிச்சா, எவ்வளவு கட்டினா எந்தப் பத்திரம் விடுவிக்கப்படும்னு ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்க. வாய்ச்சொல்லை நம்பாதீங்க, அந்த மேலாளர் மாற்றலாகிப் போயிடுவார்.

பதில் 2 (கணக்குப்பிள்ளை):
மேலே சொன்னது ரொம்பச் சரி. ஆனா எப்படிப் பிரிச்சாலும் மூன்றாவது வீடு முழுக்கக் கடன்லதான் நிக்குது, அதைத் தாங்குமான்னு பாருங்க. வருஷ வாடகையை 11 மாசத்துக்கு மட்டும் போடுங்க, வரி, பராமரிப்பைக் கழிங்க. மிச்சத்தை அந்த வீட்டுக்காக வாங்கின ரெண்டு கடனோட வருஷத் தவணையால வகுங்க. வாடகைச் சொத்துக்குக் கடன் தர்ற பல வங்கிகள் 1.25 வருதான்னு பார்க்கும். 1-க்குக் கீழே வந்தா சம்பளத்திலிருந்து போட்டுக் கட்டணும்.

மாறும் வட்டின்னா இன்னொண்ணு. 10 லட்சம், 9%, 20 வருஷம்: தவணை சுமார் 8,997. வட்டி ஆரம்பத்திலேயே 10.5% ஆகி, தவணையை ஏத்தாம விட்டா, 240 மாசக் கடன் 410 மாசத்தைத் தாண்டிடும். தவணை அப்படியே இருக்கிறதால நாம கவனிக்காமலே விட்டுடுவோம். வட்டி ஏறினா தவணையை ஏத்தச் சொல்லி நீங்களே எழுதிக் கொடுங்க, சுமார் 9,984 வரும்.

பதில் 3 (புதுசு):
முன்கூட்டியே அடைச்சா அபராதம் உண்டான்னும் கேட்டுக்கோங்க. நிலையான வட்டிக் கடன்ல பெரும்பாலும் இருக்கும்.

வாடகைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. ஒப்பந்த நகலைக் கேட்டு வாங்கிட்டேன். ஒன்பதாம் பக்கத்துல அதே "அனைத்துத் தொகைகள்" இருக்கு. 11 மாச வாடகை வச்சுப் போட்டா 0.92தான் வருது. ரெண்டாவது வீட்டுக் கடன் இன்னும் 14 மாசம்தான். அது முடிஞ்சப்புறம் தனித்தனிக் கடனாக் கேட்கிறதா மேலாளர்கிட்ட சொல்லிட்டு வந்துட்டேன். பழைய கடன்தாரர் அண்ணா, அம்மா இப்போ எப்படி இருக்காங்க?