சென்னை – சிங்கப்பூர்: போக ஏழு மணி நேரம், வர இரண்டு மணி நேரமா?

திருவாரூர்க்காரன்:
அம்மா முதல்முறையாகச் சிங்கப்பூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறார்கள். நேரடி விமானம். டிக்கெட்டில் சென்னை 23:15, சிங்கப்பூர் 05:55 என்று இருக்கிறது. கணக்குப் போட்டால் 6 மணி 40 நிமிடம். திரும்பும்போது அங்கே 20:00, இங்கே 21:45. ஒன்றே முக்கால் மணி நேரம்தான்! டிக்கெட் போட்டவர் தப்பாக அடித்துவிட்டாரா? அம்மாவுக்குச் சர்க்கரை, முழங்கால் வலி வேறு. ஏழு மணி நேரம் காலை மடக்கி உட்கார முடியாது.

ஜூரோங் மாமி:
தப்பு ஒன்றும் இல்லை தம்பி. புறப்படும் நேரம் புறப்படும் ஊர்க் கடிகாரப்படி, இறங்கும் நேரம் இறங்கும் ஊர்க் கடிகாரப்படி. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே. போகும்போது 6:40-இல் 2:30-ஐக் கழியுங்கள், 4:10. வரும்போது 1:45-உடன் 2:30-ஐக் கூட்டுங்கள், 4:15. அவ்வளவுதான்.

திருவாரூர்க்காரன்:
அப்பாடா! ஆனால் தூரம் சுமார் 2,900 கி.மீ. என்று பார்த்தேன். விமானம் மணிக்கு 900 கி.மீ. போகும் என்கிறார்கள். மூன்றேகால் மணி நேரம்தானே வர வேண்டும்? மீதி எங்கே போனது?

கணக்குப்பிள்ளை:
அந்த 2,900, பூமி உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்த தூரம். நூல் வங்காள விரிகுடாவைத் தாண்டி, கிரேட் நிகோபார் பக்கமாகப் போய், மலாக்கா நீரிணையைத் தொட்டு இறங்கும். விமானமோ வகுத்த வான்வழிகளில் போவதால் தூரம் கொஞ்சம் கூடும். 900 என்பதும் மேலே போன பிறகு எடுக்கும் வேகம். ஏறும்போதும் இறங்கும்போதும் அது கிடையாது. முக்கியமாக, டிக்கெட் நேரம் சக்கரம் தரையைவிட்டு எழும்பும்போது தொடங்குவதில்லை. மீனம்பாக்கத்தில் நிறுத்துமிடத்தைவிட்டு நகர்வது முதல் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் போய் நிற்பது வரை எல்லாம் சேர்த்தி. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், முன்னால் வரிசையில் நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருப்பதும் அதில் அடக்கம். சென்னை – லண்டன் என்றால் மேல்காற்றும் கணக்கில் வரும்: போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்னாலிருந்து தள்ளும். உங்கள் வழியில் அவ்வளவு வித்தியாசம் தெரியாது.

பழைய பயணி:
ஒரு துணுக்கு. முன்பெல்லாம் நமக்கும் சிங்கப்பூருக்கும் கடிகார வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான். 1982 ஜனவரி 1 அன்று மலேசியத் தீபகற்பம், கிழக்கே போர்னியோ தீவில் உள்ள மலேசிய மாநிலங்களான சபா, சரவாக் நேரத்துக்கு மாறி அரை மணி முன்னே போனது. சிங்கப்பூரும் கூடவே தள்ளிக்கொண்டது. அதனால்தான் அங்கே ஏழு மணிவாக்கில்தான் விடிகிறது. அம்மா இறங்கும்போது வெளியே இருட்டாக இருக்கும், முன்பே சொல்லிவையுங்கள்.

அப்புறம், தேதியைப் பாருங்கள். என் மைத்துனர் 00:20 விமானத்துக்கு, டிக்கெட்டில் இருந்த தேதியின் இரவு பெட்டியோடு போய் நின்றார். விமானம் முந்தின நாள் நள்ளிரவே போய்விட்டிருந்தது.

ஜூரோங் மாமி:
நடைபாதை ஓர இருக்கையாகக் கேளுங்கள், அவ்வப்போது எழுந்து நடக்கலாம். சக்கர நாற்காலியும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சாங்கியில் நடை அதிகம். சர்க்கரை மாத்திரையை எந்த ஊர் நேரப்படி போடுவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

திருவாரூர்க்காரன்:
எல்லோருக்கும் நன்றி. இப்போது பார்த்தால் 05:55-க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் +1 என்று, அதாவது மறுநாள் என்று, இருக்கிறது. அக்காவிடம் வெள்ளிக்கிழமை காலை கூப்பிட வரச் சொல்லியிருந்தேன். சனிக்கிழமை என்று இப்போதுதான் போன் போட்டு மாற்றினேன்.